நாய்க்கு அரைத்த முடக்கத்தான்

நாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. என் சம்சாரம்தான் முதலில் பார்த்தாள். எங்கள் லயத்து வீட்டு வாசலில் சிமெண்டுப் படி இரண்டு இருக்கும். நாய் முன்னங்கால் இரண்டையும் மேல்படியில் வைத்துவிட்டு, பின்பாதியை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

"உங்க கூட்டாளி படியில நின்னு யோசனை பண்ணுது, வந்து பாருங்க," என்றாள்.

வந்து பார்த்தேன். வால் ஆடியது, பின்கால் வரவில்லை. வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, எதற்கெடுத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. மேகம் கறுத்தால் கூரை பறந்துவிடுமோ என்று பார்ப்பேன். கதவைத் தாழ் போட்டுவிட்டுத் திரும்பவும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தேன். அப்பா செத்த பிறகு புல் வெட்டப் போய்விட்டேன். படிப்பு விட்டுப்போனது, பயம் மட்டும் கூடவே வந்தது.

அந்த நாயை, மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்துக் கடைசியில், லிங்கி ஆற்றுப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு தேடிப் போனபோது கண்டேன். கைப்பிடி அளவுதான் இருந்தது. ஊருக்கே சாப்பாடு இல்லாத நேரத்தில் நாய்க்குட்டியோடு வந்து நின்றதற்கு அம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டினால் வரும், அது போதும் என்று விட்டுவிட்டோம். வளர்ந்த பிறகு நான் பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. அம்மா போய், எனக்குக் கல்யாணமும் ஆகி, காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் வந்தபோதும் வந்துகொண்டிருந்தது.

எங்கள் தோட்டம் பெடாஸ் டவுனிலிருந்து உள்ளே போக வேண்டும். எங்கள் லயம் நாலு வரிசைக் கூலி வீடுகள், காட்டோரமாக இருந்தது. எனக்குக் கொடுத்த மரங்கள் அதற்கும் அந்தப் பக்கம். காட்டுக்குள் இருக்கிறவர்கள் வந்து அரிசி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, கொடுத்தது தெரிந்தால் பட்டாளம் சும்மா விடாது. எனக்குப் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த ஆளை ஒரு காலையில் இரண்டு பேர் வந்து கூட்டிப் போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவர் வரவேயில்லை. அவருடைய மரங்களில் மறுநாள் வேறு ஆளைப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்ததே அந்த நாயை வைத்துத்தான். நான் ஒரு மரத்தில் வெட்டும்போது அது அடுத்த மரத்தடியில் போய் உட்காரும். அதன் காது படுத்திருந்தால் என் கை ஓடும். காது நிமிர்ந்தால் கத்தியை நிறுத்திவிடுவேன். பெரும்பாலும் பன்றியாக இருக்கும், இல்லையென்றால் உடும்பு. ஒருநாள் அதைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டுப் போனேன். கை நடுங்கி, பட்டையைத் தாண்டி மரத்துக்குள்ளேயே கத்தி இறங்கிவிட்டது. ஏழெட்டு மரத்தில் காயம். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து பார்த்துவிட்டு, "என்னடா, மரத்தை வெட்டறியா, கறி வெட்டறியா?" என்றார். மறுநாள் நாயைக் கூட்டிக்கொண்டே போனேன்.

ஆகவே அதன் பின்கால் இழுத்தபோது எனக்கு அதன் கால் மட்டும் தெரியவில்லை. என் கையும் சேர்ந்து தெரிந்தது.

படியில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கிற நேரத்தில், ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு கடிதத்தை வாசித்தார். காட்டோர லயங்களைக் காலி பண்ண வேண்டும். மூன்று மைல் தள்ளி, ரப்பர் பால் கொண்டுபோய்க் கொட்டுகிற பெரிய ஸ்டோர் பக்கத்தில் முள்வேலி போட்டுப் புது லயம் கட்டியிருக்கிறது, எல்லாரும் அங்கே போய்விட வேண்டும். மூன்று வாரம் தவணை. சாமான்களுக்கும் வயசானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் லோரி வரும், மற்றவர்கள் நடந்து வர வேண்டும். போன பிறகு பழைய லயத்தை இடித்துவிடுவார்கள், யாரும் வந்து ஒளிந்துகொள்ளக் கூடாதாம்.

ஆடு மாடு என்ன செய்வது, கோழி என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் கடைசியில் நின்று, "நாயி?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள்.

மண்டோர் சிரிக்கவில்லை. பெரட்டு கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாயைக் கயித்துல கட்டிக் கூட்டியாரலாம். ஆனா வேலிக் கேட்டுல பார்ப்பாங்க. இந்தப் பக்கமெல்லாம் வெறிநாய் பயமா இருக்கு. காலு இழுக்கற நாயி, வாயில நொரை வர்ற நாயி, எதையும் உள்ள விட மாட்டாங்க. அங்கயே சுட்டுடுவாங்க."

"இதுக்கு வெறி இல்லீங்க. இடுப்புப் புடிப்பு."

"அதை நாயி வாயைத் தொறந்து சொல்லுமா? காலு இழுத்தா வெறிதான்னு எழுதி வச்சிருக்கான்."

"நான் தூக்கிட்டு வந்துடறேன்."

"தூக்கிட்டு வந்தாலும் கீழ எறக்கி நடக்க வச்சுப் பார்ப்பாங்கடா. உன் மேல எனக்கு என்ன வெறுப்பு? உள்ளதைச் சொல்றேன்."

மூன்று வாரம். அந்த நாய் தன் நாலு காலில் ஒரு கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தார். புல் வெட்டுகிற கூட்டத்தில் வேலை. கடைசிப் பிள்ளை பெற்ற பிறகு அவருக்கு முட்டி இரண்டும் மடங்காமல் போய், ஒரு வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு முடக்கத்தான் கீரை தின்று தின்று எழுந்துவிட்டதாகச் சொல்லுவார். அது உண்மைதான், நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சுவரைப் பிடித்து நடந்தவர் தலையில் விறகுக்கட்டு வைத்துக்கொண்டு எங்களை முந்திப் போனார்.

அவரிடம் போய்ச் சொன்னேன். அக்கா எழுந்து வந்து நாயின் இடுப்பை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தார். நாய் முனகியது.

"வாயுதான் தம்பி. மனுசனுக்குப் புடிக்கிற வாயுதான் இதுக்கும் புடிக்குது. மூட்டுல போயி குந்திக்கிட்டு நகர மாட்டேங்குது. முடக்கத்தான் கொடு."

"நாயி கீரை திங்குமா அக்கா?"

"பச்சையாக் கொடுத்தா நீயும்தான் திங்க மாட்டே. எனக்கு எப்படிப் பண்ணாங்களோ அப்படிப் பண்ணு. சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு நாலு பல்லு, நல்லெண்ணெயில வதக்கி, கீரையைப் போட்டு ஒரு பெரட்டு பெரட்டி, அம்மியில வச்சு அரைச்சுடு. கெழங்குல பெசைஞ்சு கொடு. வெங்காயம் பூண்டு இல்லாமக் கொடுத்துடாதே. கீரை முடக்கை எடுக்கும், ஆனா வாயுவை வெளிய தள்றது பூண்டுதான்."

இதில் அக்கா தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாயு என்றால் பூண்டு. மருந்து என்றாலே அதில் நாலு பல் பூண்டு விழாமல் எங்கள் வீடுகளில் எந்தச் சட்டியும் இறங்காது.

முடக்கத்தான் எங்கள் கோயில் வேலியில் ஏறிக் கிடந்தது. சின்னச் சின்னக் காற்றுப்பை மாதிரி காய் தொங்கும். நான் பறித்து வந்து சம்சாரத்திடம் காட்டினேன், அக்காவிடம் காட்டினேன், பிறகு திரும்பப் போய் வேலியிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு இலையாக இருந்துவிட்டால் என்ன செய்வது? முதல்நாள் அரைத்து முடித்த பிறகும் நாய்க்குக் கொடுக்கக் கை வரவில்லை. அதில் ஓர் உருண்டை எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

சம்சாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூட்டு வலி நாய்க்கா, உங்களுக்கா?"

"வெசமா இருந்தா முதல்ல எனக்குத் தெரியட்டும்."

"செத்துக்கித்து வச்சீங்கன்னா நாயைக் கேட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் உப்புப் போட்டால் சோற்றுக்கே தொட்டுக்கொள்ளலாம். அதன் பிறகுதான் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் பிசைந்து நாய்க்குக் கொடுத்தேன். தட்டைத் தேய்த்து நக்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் நான் ஓர் உருண்டை தின்று பார்த்துவிட்டுத்தான் அதற்குக் கொடுத்தேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. நான் இவ்வளவு ஜாக்கிரதையாக வேறு எதையும் செய்ததில்லை.

காலையில் வேலை முடித்து வந்ததும் விளக்கெண்ணெயைச் சுடவைத்து இடுப்பில் தேய்ப்பேன். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். நாய் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். லயத்து ஆட்கள் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "பிள்ளை பெத்த உடம்புக்கு இப்படிப் பார்க்க மாட்டாங்கப்பா," என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். என் சம்சாரம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இடுப்பு வலிச்சா இப்படி அரைப்பீங்களா?"

"நீதான் நல்லா நடக்கறியே."

"அதான் தப்பாப் போச்சு. நாளைக்கு நானும் படியில நிக்கறேன்."

ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. குழம்புக்குப் போடுகிற வெங்காயத்தைக் குறைத்துக்கொண்டு மருந்துக்கு எடுத்துவைத்தாள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாய் வெளியிலிருந்து வந்து, முன்னங்காலை மேல்படியில் வைத்தது, பின்னாலேயே பின்காலும் வந்தது. யாரும் தூக்கிவிடவில்லை. சம்சாரம் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாய் திரும்ப இறங்கிப் போய், திரும்ப ஏறி வந்தது. அதற்கே அதிசயமாக இருந்திருக்கும்.

கீரை வேலை செய்ததா, எண்ணெயும் ஒத்தடமும் செய்ததா, தெரியாது. கால் நன்றாக ஆனது நிஜம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் அதோடு விட்டிருந்தால் போதும். என் மாதிரி ஆளுக்கு நல்லது நடந்தால் அதற்கும் பயம் வரும். இது நிற்குமா? கேட்டுக்குப் போகிற அன்றைக்குப் பார்த்து வாயு திரும்பிவிட்டால்? அக்காவிடம் கேட்டேன். "திரும்பத்தான் பார்க்கும். நீ விடாமக் கொடு," என்றார். விடாமல் கொடு என்றுதான் சொன்னார். கூட்டிக் கொடு என்று சொல்லவில்லை. கூட்டியது நான். ஒரு வேளை கொடுத்ததை இரண்டு வேளையாக்கினேன். ஒரு கை வெங்காயம் இரண்டு கையானது. பூண்டு நாலு பல்லிலிருந்து முழுப் பூண்டானது. வாயுவை வெளியே தள்ளுவது பூண்டு என்றால், நன்றாகத் தள்ளட்டும்.

இரண்டாம் வாரம் முடிகிற நேரத்தில் அது வேலியோரம் காலைத் தூக்கியபோது பார்த்தேன். மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, பால் ஊற்றாத தேத்தண்ணி. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் புல்கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "காலு எப்படி இருக்கு?"

"காலு நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? மூட்டுல கெடந்த கெட்ட நீரெல்லாம் எறங்குது. எனக்கும்தான் மஞ்சளாப் போச்சு."

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். எனக்கு நிம்மதி வருவதே அபூர்வம். அது வந்தது இந்த விஷயத்துக்காக.

சம்சாரம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அது கொட்டாவி விட்டபோது உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துப் போயிருந்தது, வேகவைத்த கிழங்கு மாதிரி. "ஏங்க, இங்க பாருங்க. ரத்தமே இல்ல. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. இது காலு சமாச்சாரம் இல்ல. மருந்தை நிறுத்துங்க."

"இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. இப்ப நிறுத்தினா காலு போயிடும்."

"காலு இருந்து உடம்பு போனா?"

"போனப்புறம் நல்ல சாப்பாடு போட்டுத் தேத்திக்கலாம். முதல்ல கேட்டைத் தாண்டட்டும்."

அவள் சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் பயந்துபோயிருக்கும்போது என்னோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்காத வருஷம் இல்லை.

போகிற அன்று காலையிலும் அரைத்தேன். வீட்டுச் சாமான் முழுக்க லோரியில் ஏறிவிட்டது, அம்மியை மட்டும் கடைசிவரை ஏற்றவிடவில்லை. ஓர் உருண்டை நான் தின்றேன், மீதி நாய்க்கு. அது முன்போல ஆசையாகத் தின்னவில்லை. நான் உருட்டிக் கையில் வைத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நக்கியது. எனக்காகத் தின்றது என்று நினைக்கிறேன்.

லோரி முன்னால் போக, நாங்கள் ஒரு நூறு பேர் செம்மண் ரோட்டில் பின்னால் நடந்தோம். முன்னாலும் பின்னாலும் துப்பாக்கிக்காரர்கள். கோழிக்கூடையைச் சுமந்தவர்கள், சாமி படத்தை நெஞ்சோடு அணைத்தவர்கள், வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தவர்கள். நான் திரும்பவே இல்லை. நாயின் பின்காலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இடது கால், வலது கால். இழுக்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நான் குனிந்து தூக்கிக்கொள்வேன். நெஞ்சு கையில் படபடவென்று அடிக்கும். வளைவு வரும்போது துப்பாக்கிக்காரர் பார்த்துவிடுவாரோ என்று இறக்கிவிடுவேன்.

கடைசி வளைவில் கேட் தெரிந்தது. உயரமான முள்வேலி, இரண்டு வரிசை. மேசை போட்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மலாய்க் காவலர், என் வயசுதான் இருக்கும்.

"அந்த நாய், கீலா கா?" என்று கேட்டார். வெறியா என்று அர்த்தம்.

"தா கீலா, தா கீலா," என்றேன். வெறி இல்லை என்று.

கயிற்றை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். நான் கேட்டுக்கு உள்பக்கம் போய் நின்றேன். நாய் வெளிப்பக்கம் தனியாக நின்றது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். காவலரின் துப்பாக்கி தோளில்தான் இருந்தது, ஆனால் கை அதன்மேல் இருந்தது. நான் நாக்கைச் சப்புக்கொட்டினேன். வாய் காய்ந்து சத்தம் வரவில்லை. திரும்ப முயன்றேன்.

அது வந்தது. தலையை நிமிர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு, நாலு காலும் ஒழுங்காக, கேட்டுக் கம்பியைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தது. மூன்று வாரமாக நான் கேட்டது அதுதான். கேட்டதைச் செய்துவிட்டது.

"பாகுஸ்," என்றார் காவலர். நல்ல நாய் என்று பாராட்டினார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

புது லயத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் சிமெண்டு வாசனை போகவில்லை. நாய் உள்ளே வந்து தண்ணீர் குடித்தது. மூலையில் போய்ப் படுத்தது. மண்டோர் வந்து எட்டிப் பார்த்து, "தப்பிச்சுட்டாண்டா உன் ஆளு," என்று சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் நான் திரும்பவும் அரைத்தேன். மூன்று மைல் நடந்த உடம்பு, வாயு ஏறிவிடும் என்று பயம். அது தலையைத் தூக்கவில்லை. விரலில் தடவி நாக்கில் வைத்தேன். அதையும் விழுங்கியது.

மறுநாள் அதன் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. சம்சாரம் கஞ்சித்தண்ணி ஊட்டிப் பார்த்தாள், வாயோரம் வழிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பினேன். நாக்கைச் சப்புக்கொட்டிக் கூப்பிட்டேன். வழக்கத்தில் கூப்பிட்டுவிட்டேன். அது எழுந்திருக்கப் பார்த்தது. கால் இரண்டும் நன்றாகத்தான் ஊன்றியது. உடம்புதான் வரவில்லை. நான் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகவில்லை. வெயில் வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டது.

வேலிக்குள் புதைக்க இடமில்லை. எல்லாம் வீட்டு வரிசையும் கால்வாயும். கிராணியிடம் சொல்லிவிட்டு, ஒரு சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கேட்டில் யார் என்ன எடுத்துக்கொண்டு வெளியே போனாலும் சோதனை. காட்டுக்குள் அரிசி போய்விடக் கூடாது என்று சாக்கைக் கண்டால் நீளமான இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அன்றைக்கும் அதே மலாய்க் காவலர்தான் நின்றார். கம்பியை எடுத்தார்.

"ஜங்ஙான்," என்றேன். வேண்டாம் என்று. அதற்கு மேல் மலாய் வார்த்தை ஒன்றும் வரவில்லை. சாக்கைக் கீழே வைத்து நானே வாயை அவிழ்த்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கம்பியைக் கீழே போட்டார்.

"ஹரி இத்து பாகுஸ், தம்பி," என்றார். அன்றைக்கு நன்றாக நடந்ததே என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், நன்றாகத்தான் நடந்தது.

ரோட்டோரம் ஒரு ரப்பர் மரத்தடியில் புதைத்தேன். அதன் பிறகு எத்தனையோ நாள் கை நடுங்க மரம் வெட்டினேன். எத்தனையோ மரத்தைக் காயப்படுத்தினேன். மண்டோர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வயசாகிவிட்டது, தூரம் நடந்த களைப்பு, விதி, என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு இருபத்தைந்து முப்பது வருஷம் ஓட்டினேன். தோட்டத்தை விட்டு வந்து சிரம்பானில் மகள் வீட்டில் இருந்தபோது, அவள் வளர்த்த நாய்க்கும் பின்கால் பிடித்துக்கொண்டது. மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், நானும் போனேன். தமிழ்ப் பையன் ஒருத்தர் டாக்டராக இருந்தார். மாத்திரை எழுதினார், உடம்பைக் குறைக்கச் சொன்னார். நான் கூச்சப்பட்டுக்கொண்டே, முடக்கத்தான் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"கீரையா? கொஞ்சமாக் கொடுத்தா பெரிசா கெடுதல் பண்ணாதுன்னு நெனைக்கிறேன், ஐயா. நல்லது பண்ணுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க அதை வெங்காயம் பூண்டு போட்டுத்தானே ஆக்குவீங்க? அதை மட்டும் நாய்க்குக் கொடுத்துடாதீங்க. நமக்கு ஒண்ணும் பண்ணாது, நாய்க்கு ரத்தத்தை உடைச்சுடும். ஈறெல்லாம் வெளுத்துப் போயி, மூத்திரம் தேத்தண்ணி மாதிரி போவும்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லுகிற மாதிரி. நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன். மகள் "என்னப்பா, தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சம்சாரத்திடம் அன்றைக்கே சொன்னேன். "கொடுக்கலன்னா கேட்டுல சுட்டிருப்பாங்கல்ல?" என்றாள்.

"சுட்டிருப்பாங்க."

"அப்புறம் என்ன?"

"அது அவங்க சுட்டதா இருந்திருக்கும்."

எனக்குத்தான் அடுத்த பயம் உடனே வந்துவிட்டதே. அக்கா அப்போது பெடாஸில் மகனோடு இருந்தார். யார் வீட்டு நாய்க்குக் கால் பிடித்துக்கொண்டாலும் அவரிடம்தான் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சம்சாரமும் பஸ் ஏறிப் போனோம். அக்காவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தத் தம்பி நாயிதாம்மா, சொன்னேன்ல. இடுப்பே எழும்பாம கெடந்தது. என் மருந்துல எழுந்து மூணு மைலு நடந்து, வெள்ளைக்காரன் முன்னாலயே கேட்டைத் தாண்டிச்சு," என்றார். அந்தப் பெண் எத்தனையோ தடவை கேட்ட கதை போலச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

வரும்போது பஸ்ஸில் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். அதில் பாதியை விட்டுவிட்டு, "அக்கா, டாக்டர் ஒருத்தர் சொன்னாரு. இனிமே யாருக்குச் சொன்னாலும் கீரையை மட்டும் சொல்லுங்க. வெங்காயம் பூண்டு நாய்க்கு ஆவாதாம்," என்றேன்.

"ஆவாதுன்னா?"

"ரத்தத்துக்குக் கெடுதலாம்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியே இருந்தது. கண்ணுக்கு நான் எவ்வளவு தெரிந்தேனோ தெரியாது.

"அப்ப உன் நாயி?"

என் சம்சாரம் என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு வயசாயிடுச்சு அக்கா," என்றேன். "புது லயத்துல ரெண்டு வருசம் நல்லா இருந்துட்டுத்தான் போச்சு."

"நல்லா நடந்துச்சுல்ல?"

"நல்லா நடந்துச்சு."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். மற்ற நாய்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அக்கா போய்ச் சேர்ந்து இப்போது சில வருஷம் ஆகிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.